விதிகளை மீறவில்லை!

“பொணத்த வாங்க மாட்டேன்! நீங்க என்ன செஞ்சாலும் சரி... வாங்கவே மாட்டேன்!”

மார்ச்சுவரி வாசலில் கிடந்து அலறினாள் தங்கத்தாய்.

உள்ளே வெள்ளைத் துணிக்குள் அவள் புருஷன் பூதத்தான். டி.வி.எஸ். ஐம்பதில் சாக்குப்பை கட்டி, ‘பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பரேய்...’ என்று பாளையங்கோட்டைத் தெருக்களில் கூவிப் போன மனுஷன். நேற்று மத்தியானம் ஒரு டீக்கடை வாசலில் இழுத்துப் போட்டு அடித்தே கொன்றுவிட்டார்கள்.

முகத்தில் அடையாளம் தெரிந்தது இடது புருவத்தைப் பிளந்த பழைய தழும்பு ஒன்றுதான். மற்ற காயமெல்லாம் புதுசு!

இன்ஸ்பெக்டர் ராஜராஜேஸ்வரி அவளருகில் குனிந்தாள்.

“யக்கா... எந்திரிங்க. அடிச்சவனுவள்ல ஆறேழு பேரைத் தூக்கி உள்ள வச்சாச்சு. மத்தவனையும் விட மாட்டேன். பொணத்த வாங்கி அடக்கம் பண்ணுங்க.”

“எங்கன கொண்டு போயி எரிக்கச் சொல்லுதியம்மா? பிள்ளை பிடிக்கிறவன் பொணம் நம்ம சுடுகாட்டுக்கு வரக் கூடாதுன்னு ஊர்ல மறிச்சுக்கிட்டு நிக்கானுவ! எம் மவ நாளைக்கு எப்படித் தெருவுல நடப்பா? அந்த வீடியோ போவணும். அவரு பிள்ளை பிடிக்கிறவர் இல்லைன்னு ஆவணும். அதுக்கப்புறந்தான் கொள்ளி!”

அந்த வீடியோ...

‘டமாரம்’ என்று ஒரு ஆப். கையில் போன் இருக்கிறவன் எல்லாம் அதில் டமாரம் அடிக்கலாம். அதில் ‘நெல்லை நெருப்பு’ என்று ஒரு சேனல்.

‘உஷார்! உஷார்! பொம்பளை வேஷத்தில் பிள்ளை பிடிக்கிறவன்! இன்று காலை பாளையங்கோட்டையில்! பார்த்தால் விடாதீர்கள்!!!’

சேலை கட்டி, சவுரி வைத்து, தலை நிறையப் பூ வைத்த பூதத்தான். இடுப்பில் ஒரு சின்னக் குழந்தை. குழந்தையின் முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள். பின்னால் திகிலாக ஒரு மேளம். டம்... டம்... டம்...

நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். புருவத் தழும்பையும் பார்த்திருந்தார்கள். அப்புறம் சாக்குப்பையோடு ஒருத்தன் எதிரே வந்தால்?

தூ! மனுஷனா இவனுவ!

“தசராவுக்கு வருஷா வருஷம் குலசை அம்மன் கோயிலுக்கு நேந்து பொம்பளை வேஷம் போட்டு, வீடு வீடா காணிக்கை எடுப்பாரும்மா. அப்ப எடுத்த படம் இது. சொன்னா எவன் நம்புதான்? ‘இன்னைக்குக் காலையில’ன்னு போட்டிருக்கேங்கானுவ!”

“டமாரம் கம்பெனிக்குப் புகார் குடுத்தீங்களா?”

தங்கத்தாய் போனை நீட்டினாள். உடைந்த கண்ணாடிக்குள் பதில் பளபளத்தது.

‘உங்கள் புகாரைப் பரிசீலித்தோம். இந்தப் பதிவு எங்கள் சமூக விதிகளை மீறவில்லை.’

“நானும் ஒரு வீடியோ போட்டேன். அவரு காயத்தைக் காட்டி, ‘பாவிகளா, இவரு ஒண்ணும் செய்யலையே’ன்னு அழுது போட்டேன். அதைத் தூக்கிட்டானுவம்மா!”

அதற்கும் ஒரு பதில் இருந்தது.

‘கோரமான காட்சிகள் இருப்பதால் உங்கள் பதிவு நீக்கப்பட்டது.’

ராஜராஜேஸ்வரி ரெண்டு பதிலையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

*

ஜீப் கிளம்பியதும் டமாரம் கம்பெனிக்குப் போன் போட்டாள். யார் யாரிடமோ மாற்றி, கடைசியில் சென்னைத் தமிழில் ஒரு பொறுப்பு அதிகாரி சிக்கினான்.

“மேடம், எங்களோடது வெறும் பிளாட்ஃபார்ம். ஒரு சுவர் மாதிரி. சுவத்துல எவனோ கிறுக்கினா சுவரை அரெஸ்ட் பண்ணுவீங்களா?”

“சுவரு எந்திரிச்சுப் போயி நாலு லட்சம் வீட்டுக் கதவைத் தட்டாது சார்! ஒங்க சுவரு தட்டியிருக்கு. கேக்காதவனுக்கும் கூப்பிட்டுக் காட்டியிருக்கு!”

“அது அல்காரிதம் மேடம்...”

“எந்த ஊர்க்காரன்? அவனையும் சேத்துத் தூக்குதேன்!”

எதிர்முனை சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது.

“மேடம், கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்கு. அரசியல் சட்டம், பத்தொன்பதாவது பிரிவு. யார் பேசறதையும் நாங்க தடுக்கறதில்ல.”

“புருஷன் செத்து அழுத பொம்பளையைத் தடுத்தீங்களே?”

“அது... எங்க சொந்த விதி. நாங்க தனியார் கம்பெனி. எதை வைக்கணும், எதை எடுக்கணும்னு முடிவு பண்ற உரிமை எங்களுக்கு இருக்கு.”

“ஏன் சார்... எடுன்னு சொன்னா கருத்துச் சுதந்திரம். ஏன் எடுத்தேன்னு கேட்டா தனியார் கம்பெனி. ரெண்டையும் பேசுதது ஒரே வாய்தானா?”

“கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க மேடம். குட் டே!”

டொக்!

ஏட்டு செந்தூர்பாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பைய கேட்டார். “கோர்ட் ஆர்டர் வர எவ்வளவு நாளாவும் மேடம்?”

“பொணம் நாறிப் போவும்வே! வண்டிய வண்ணார்பேட்டைக்கு விடும். நெல்லை நெருப்பு எப்படி எரியுதுன்னு பாப்போம்.”

*

நெருப்பு, தன் வீட்டு ஏ.சி. அறையில் குளுகுளுவென்று இருந்தது.

இசக்கிராஜா. வட்ட விளக்கு முன்னால் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். சுவரில் மைக் பிடித்த அவன் படமே நாலு.

“வாங்க மேடம்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். இந்தச் சம்பவத்தைப் பத்தி உங்ககிட்ட ஒரு பேட்டி...”

“செருப்பு பிஞ்சிரும்!”

அவன் பவுடர் டப்பாவை மெல்ல மூடினான்.

“எவன்வே அந்த வீடியோவை எடுத்தான்?”

“யாரோ ஒரு நேயர் நேத்துக் காலையில அனுப்பினாரு. பேரைச் சொல்ல மாட்டேன் மேடம். சோர்ஸைக் காட்டிக் குடுக்கது பத்திரிகை தர்மம் கிடையாது.”

“செய்தின்னா விசாரிக்க மாட்டீரா?”

“விசாரிச்சுக்கிட்டே கிடந்தா அடுத்தவன் போட்டுருவாம்லா? மக்களை எச்சரிக்கை செஞ்சேன். அது என் கருத்துச் சுதந்திரம். நான் யாரையும் கையால தொடலியே! சட்டத்தை மதிக்கிறவன் மேடம் நான். பாருங்க... பிள்ளை முகத்தைக்கூட மறைச்சுத்தான் போட்டிருக்கேன்.”

“அந்த மேளம்?”

அவன் முகம் மலர்ந்தது.

“அது நம்ம கைவரிசை! வெறும் வீடியோ போட்டா எவன் பாப்பான்? கீழ ஒரு மேளம் ஓடணும் மேடம். பாக்கவன் நெஞ்சு அடிக்கணும்!”

ராஜராஜேஸ்வரி அந்த வீடியோவை மறுபடி ஓட்டினாள். இன்னொரு தடவை. பூதத்தான் குழந்தையை இடுப்பு மாற்றுகிற இடத்தில் சட்டென்று நிறுத்தினாள்.

வலது மணிக்கட்டு.

விரலால் பெரிதாக்கினாள்.

“இது என்னதுவே?”

“வளையல்...”

“வளையலுக்குக் கீழ?”

இசக்கிராஜா எட்டிப் பார்த்தான். மஞ்சள் துண்டு முடிந்த கயிறு.

“ஏதோ... சாமி கயிறு...”

“நான் உடன்குடிக்காரி. எங்கிட்டயே கதை விடுதீரா? இது குலசைக் காப்பு! கோயில்ல காப்புக் கட்டித்தான் வேஷம் போடுவாவ. தசராக் கடைசியில சூரசம்ஹாரம் முடிஞ்சா காப்பை அவுத்துருவாவ. தசரா போன புரட்டாசியில முடிஞ்சாச்சு. இது சித்திரை! ‘இன்று காலை’ எடுத்த படத்துல எப்படிவே காப்பு வந்துச்சு?”

ஏ.சி.யையும் மீறி அவனுக்கு வேர்த்தது.

“வேஷக்காரன்னா கையில காணிக்கைத் தட்டு இருக்கும்; அதை வெட்டி எடுத்துட்டீரு. பிள்ளை முகத்தை மறைச்சுட்டீரு. காப்பு மட்டும் உம்ம கண்ணுலயே படல! சின்ன வயசுலேருந்து பாத்துப் பாத்துப் பழகுன கண்ணுலா!”

செந்தூர்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார். “அட வெக்கங்கெட்டவனுவளா! இந்த ஜில்லாவுல தெருவுக்கு ஒரு வீட்டுல வேஷம் போடுதான் மேடம். அடிச்சவனுவள்ல ரெண்டு பேரு போன வருஷம் காப்புக் கட்டினவனுவ!”

“நேயர்... நேயர் என்னை ஏமாத்திட்டாரு மேடம்! எனக்கு அனுப்பினதை நான்...”

“எந்த நேயர்?”

குரல் வாசலில் இருந்து வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள்.

கொற்கையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த இசக்கிராஜாவின் மனைவி கலைச்செல்வி. ஒரு கையில் பை. இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“சொல்லுங்க! எந்த நேயர் எடுத்தது? பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரி காட்டினா. பாத்ததும் எனக்கு உசுரே போயிட்டு!”

“கலை, நீ உள்ள போ...”

“வீடியோவுல தெரியுதது நம்ம வீட்டு வாசல்! அது எம் பிள்ளை! முகத்தை மறைச்சா பெத்தவளுக்குத் தெரியாதா?”

செந்தூர்பாண்டி குழந்தையையும் வீடியோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

ராஜராஜேஸ்வரி போனை அவள் பக்கம் திருப்பினாள். “உங்க பிள்ளையா?”

“ஆமா மேடம்! புரட்டாசியில இவளுக்குக் காய்ச்சல் விடாம அடிச்சுது. அப்பதான் இந்த வீடியோவுல இருக்கவரு வேஷத்தோட தர்மம் எடுக்க வந்தாரு. நாந்தான் பிள்ளையை அவர் கையில குடுத்து, ‘அம்மனுக்கு வேண்டி விபூதி போடுங்க’ன்னு கும்பிட்டேன். பெத்த பிள்ளை மாதிரி வாங்கி வச்சிருந்தாரு. காணிக்கைகூட வேண்டாம்னுட்டாரு. மறுநாள் இவ எந்திரிச்சு விளையாடினா! அதைப் படம் எடுத்தது இவருதான்!”

குழந்தை அப்பாவைப் பார்த்துக் கை நீட்டியது. கலைச்செல்வி வெடுக்கென்று விலகிக்கொண்டாள்.

“பிள்ளைக்கு விபூதி போட்ட கையை... அந்தக் கையையா பிள்ளை பிடிக்கிற கைன்னு போட்டீரு?”

தூ!

அவள் துப்பியது வட்ட விளக்கில் பட்டு வழிந்தது.

“ஏன்வே?” ராஜராஜேஸ்வரியின் குரல் இறங்கியிருந்தது. “பூதத்தானுக்கும் உமக்கும் என்ன பகை?”

“பகையெல்லாம் இல்ல மேடம்...” இசக்கிராஜா நாற்காலியில் சரிந்தான். “ஒரு மாசமா வியூஸ் படுத்துட்டு. எதைப் போட்டாலும் எவனும் பாக்கல. பழைய படமா தோண்டிக்கிட்டு இருந்தேன்... இது கெடச்சுது. ஆளைக் கொல்லுவானுவன்னு நினைக்கல மேடம்! ரெண்டு நாள் ஓடும், அப்புறம் மறந்துருவானுவன்னு...”

பகை இல்லையாம்!

பகையில் கொன்றவனை ராஜராஜேஸ்வரி பார்த்திருக்கிறாள். பெண்ணுக்காக, நிலத்துக்காகக் கொன்றவனையும் பார்த்திருக்கிறாள். அவனிடம்கூட ஒரு காரணம் இருக்கும். பொழுது போகாத நாலு லட்சம் பேர் எட்டிப் பார்க்கணும் என்பதற்காக, தன் பிள்ளைக்கு விபூதி போட்டவனைக் கொல்லக் கொடுத்தவனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அவன் அலற அலறச் சட்டையைப் பிடித்துத் தூக்கி வாசலுக்கு இழுத்து வந்தாள்.

வாசலில் அக்கம்பக்கம் முழுக்கக் கூடியிருந்தது. எல்லோர் கையிலும் போன். எல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தன.

*

உண்மை வந்துவிட்டது. வீடியோ மட்டும் போகவில்லை! இசக்கிராஜா கையாலேயே அழிக்க விட்டால் சாட்சியை அழித்த கணக்காகிவிடும், கம்பெனிதான் எடுக்க வேண்டும்.

காப்பு, கலைச்செல்வியின் வாக்குமூலம், எஃப்.ஐ.ஆர்... எல்லாவற்றையும் டமாரத்துக்கு அனுப்பினாள் ராஜராஜேஸ்வரி. அதே பதில்தான் திரும்பி வந்தது. விதிகளை மீறவில்லை! பார்த்தவர் கணக்கு அஞ்சு லட்சத்தைத் தொட்டிருந்தது.

“மேடம்...” செந்தூர்பாண்டி வீடியோவைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “இந்த மேளம் நம்ம மீரான் அண்ணாச்சி போட்ட தசரா மேளம்லா?”

“எந்த மீரான்?”

“மேலப்பாளையம் மீரான் ஆடியோஸ். பக்திப் பாட்டு, மேளம் எல்லாம் அவருதான் போடுவாரு. வேஷம் கட்டுதவன் எல்லாம் அவரு கேசட்டைக் கேட்டுத்தான் ஆடுவான்.”

அகமது மீரான் அடுத்த கால் மணியில் ஸ்டேஷனில் இருந்தார். வீடியோவைப் பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“யா அல்லாஹ்! நான் சாமியாடுததுக்குப் போட்ட மேளம்மா இது. இதை வச்சா ஒரு உசுர எடுத்தான்?”

“அண்ணாச்சி, இந்த மேளத்துக்கு உரிமை ஒங்ககிட்ட இருக்கா?”

“எங்கிட்டதான் இருக்கு. ஏன்?”

“‘எங்க மேளத்தைத் திருடிட்டான்’னு டமாரத்துக்கு ஒரு புகார் போடுங்க.”

போட்டார்.

அவருக்கு வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் பதில் வந்தது.

‘பதிப்புரிமை மீறல் காரணமாக இந்தப் பதிவு உடனடியாக நீக்கப்பட்டது.’

செந்தூர்பாண்டி அதை ரெண்டு தடவை வாசித்தார்.

ஒரு மனுஷன் செத்தது விதியை மீறவில்லை. அவன் பெண்டாட்டி அழுதது மீறிவிட்டது. கொஞ்ச நேர மேளம் அதைவிடப் பெரிய பாவம்!

மீரான் டீயைத் தொடாமல் எழுந்து போனார்.

மத்தியானம் மார்ச்சுவரி வாசலில் தங்கத்தாயின் காலில் விழுந்தாள் கலைச்செல்வி. “நானும் ஒங்கூட வாரேன்க்கா. பிள்ளையோட வாரேன். எவன் மறிக்கான்னு பாப்போம்” என்றாள். தங்கத்தாய் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குழந்தையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிணத்தை வாங்கக் கையெழுத்துப் போட்டாள்.

வண்டி ஊருக்குள் நுழைந்தபோது மறித்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பாதிப் பேர் அதையும் படம் எடுத்தார்கள்.

*

“மேடம்! மேடம்!!”

லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான் இசக்கிராஜா. ஸ்டேஷனுக்கு வெளியே பெரிய கூட்டம். கல் ஒன்று ஜன்னலில் வந்து விழுந்தது.

“வீட்டுல நடந்ததை எவனோ படம் எடுத்து டமாரத்துல போட்டுட்டான்னு காவலுக்கு நிக்கவரு காட்டினாரு மேடம்! ‘பெத்த பிள்ளையை வச்சுக் கொலை செஞ்ச அப்பன்... பார்த்தால் விடாதீர்கள்’னு போட்டிருக்கான்! என் வார்த்தையையே எடுத்துப் போட்டிருக்கான்! எடுக்கச் சொல்லுங்க... என்னை அடிச்சே கொன்னுருவானுவ!”

ராஜராஜேஸ்வரிக்குச் சந்தோஷம் வரவில்லை. நேற்று பூதத்தானை அடித்த அதே கை, அதே கண், அதே போன். வாசலில் போலீஸை இரட்டிப்பாக்கினாள். ‘ஒரு பயலும் உள்ள வரக் கூடாது’ என்று கத்திவிட்டு வந்து, அவன் கண் முன்னாலேயே அந்தப் புது வீடியோ மேல் புகாரை அழுத்தினாள்.

பதில் வந்தது. வாசித்துக் காட்டினாள்.

“‘இந்தப் பதிவு எங்கள் சமூக விதிகளை மீறவில்லை.’”

“ஐயோ... அப்ப என் வீடியோவை மட்டும் எப்படி மேடம் தூக்கினானுவ?”

அவள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“அதுல மேளம் இருந்துச்சுவே. இதுல நீரு அலறுதது மட்டுந்தான் இருக்கு... அதுக்கு எவன்கிட்டயும் உரிமை கிடையாதாம்!”