சல்லடைப் பெட்டிக்குள் தட்டல்

மாமா கீழே இறங்கி வந்து நின்ற பிறகும், சல்லடைப் பெட்டிக்குள் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆபரேட்டர் காதைத் தீட்டிக்கொண்டான். டொக். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டொக். கல்குவாரியின் நடுப்பகல் வெயில் தூசிக்குப் பின்னால் அழுக்குத் துணி போல வெளிறிக் கிடந்தது. சங்கிலிச் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருந்த கல்லைச் சலித்துப் பிரிக்கும் பெரிய மிஷினின் பெல்ட்டுகள் ஜல்லிக் குவியல்களின் மேல் நீட்டியபடி ஓய்ந்திருந்தன. சூடான கிரீஸ் வாசமும் பொடிந்த கல்லின் காரமும் தொண்டையில் ஒட்டிக்கொண்டன.

கிழிந்த வலையை மாற்றப் பெட்டிக்குள் இறங்கியபோது மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, வழக்கம்போல வாய் ஓயவில்லை. “உங்கக்கா குரல் கேக்காத ஒரே இடம் இதுதான் மாப்ள. மெதுவாத்தான் வருவேன்” என்று மிஷினை ஓட்டும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். உள்ளே போகிறவன் சாவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். அவ்வப்போது ஸ்பேனரால் தகட்டில் தட்ட வேண்டும். தட்டல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வெளியே இருப்பவன் எதையும் தொடக்கூடாது. அங்கே எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு அது. ஆபரேட்டரிடம் இன்னொரு சாவி இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். அவசரத்துக்கு உதவும் என்று சூப்பர்வைசர் கொடுத்தது.

மாமாவுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

இப்போது மாமா சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். மாவில் புரண்டு எழுந்ததுபோலத் தலை முதல் கால் வரை வெள்ளை. மூக்கும் வாயும் துணிக்குள். சுட்டுவிரலைக் காற்றில் சுழற்றினார். ஓட்டு என்று அர்த்தம்.

“வலை மாட்டியாச்சா மாமா? சாவி எங்க?”

வெறும் கையை விரித்துக் காட்டினார். மறுபடி விரலைச் சுழற்றினார்.

உள்ளே எங்கேயாவது தவறவிட்டிருப்பார், தொலைப்பதில் மன்னன். ஆபரேட்டருக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் லாரிக்காரர்கள் ஹாரனை அடித்துப் பிராணனை வாங்கினார்கள். டொக். சூடு ஆறுகிற இரும்பு இப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் சாவியைப் போட்டுத் திருகினான்.

பெட்டி உதறிக்கொண்டு எழுந்தது. தட்டல் வேகமெடுத்தது. டொக்டொக்டொக். இரும்பு இப்படிப் பதறாது.

மாமாவைத் திரும்பிப் பார்த்தான். தூசியில் வேலை செய்கிற எவனுக்கும் முகத்துணியில் மூச்சின் ஈரம் பட்டுச் சேறாகியிருக்கும். இந்தத் துணி காய்ந்திருந்தது. அசையவேயில்லை.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தான். அவ்வளவு கனம் உடனே நிற்காது. ஓர் உதறல். இன்னோர் உதறல். நின்றது.

தட்டல் இல்லை.

“மாமா” என்று பெட்டியைப் பார்த்துக் கூப்பிட்டான்.

பெல்ட்டின் நுனியிலிருந்து தூள் மட்டும் உதிர்ந்தது.

பக்கத்தில் ஏதோ காற்றை இழுத்தது. வெள்ளைத் துணியின் நடுவே காசளவு ஈரம் பூத்தது. பரவியது. துணி உள்ளே ஒட்டியது. வெளியே புடைத்தது.

“நான் வீட்டுக்குக் கிளம்பறேன் மாப்ள.” மாமாவின் குரல்.

அது வாசலை நோக்கி நடந்தது. லாரிக்காரன் ஒருவன் கையை உயர்த்தினான், அதுவும் உயர்த்தியது. நடக்க நடக்கத் தூசி உதிர்ந்தது. அடியில், கொஞ்சம் கொஞ்சமாக, மாமாவின் தோல் தெரிய ஆரம்பித்தது.