வட்டத் துணியும் நூறு கூடாரங்களும்

மேற்றிசைக் குன்றுகளின் பின்னே கதிரவன் சாய்ந்துகொண்டிருந்தான். கரைபுரண்டு ஓடிய பெண்ணையாறு செம்பொன்னை உருக்கி வார்த்தாற்போல் தகதகக்க, நட்டாற்றுப் பாறைமேல் நின்ற நீர்முடிக் கோட்டை மட்டும் அந்த ஒளியில் ஒரு துளியையும் ஏற்காமல் கறுத்து நின்றது. வாசக அன்பர்களே, அதன் கீழ்த்திசைக் கோபுரத்துச் சாளரத்தைச் சற்று அண்ணாந்து பாருங்கள். அங்கே நிற்பவள்தான் நல்லமங்கை. படைக் கூடாரங்கள் தைப்பதில் நடுநாட்டில் அவளுக்கு இணையில்லை. சாளரத்துக்குக் கம்பியில்லை. பதினெட்டு முழம் கீழே ஆறு சுழித்து ஓடும்போது கம்பி எதற்கு?

மூன்று மாதங்களுக்கு முன் கோட்டைத் தலைவன் மலையரையன் நூறு கூடாரங்களுக்கு உத்தரவிட்டான். உயரம் வழக்கம்போல, அகலம் மட்டும் இரு மடங்கு. "அப்படியானால் ஐவர் தங்கும் கூடாரத்தில் இருபது பேர் தங்கலாமே, அரசே!" என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவன் முகம் சுண்டியது. அன்று மாலையே கதவுக்கு வெளியே தாழ் விழுந்தது.

அதற்குப் பிறகுதான், காவலர்களின் பேச்சிலிருந்து, அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. திருவிழாவுக்கு வரும் சோழச் சக்கரவர்த்தியை நூறே கூடாரங்களோடு வந்து வரவேற்பதாக மலையரையன் ஓலை விடுத்திருந்தான். நூறு கூடாரம் என்றால் ஐந்நூறு வீரர்கள் என்றுதானே எவரும் எண்ணுவார்கள்? வரப்போவதோ இரண்டாயிரம் வாட்கள்! நாளை விடிந்ததும் படை புறப்படும். இரகசியம் அறிந்த தையற்காரியை அதன்பின் உயிரோடு விட்டுவைப்பார்களா?

தாழ் விலகும் ஓசை கேட்டது. காவல் தலைவன் சாத்தன் காரி இரண்டு வீரர்களுடன் உள்ளே வந்தான். கூரிய கண்கள், புன்னகையறியாத உதடுகள். இந்த மூன்று மாதமும் ஒரு கந்தலைக்கூட விடாமல் எண்ணி வாங்கிச் சென்றவன் அவன்தான்.

"அம்மணி! இரு மடங்கு அகலத்துக்கு நான்கு மடங்கு ஆட்கள் என்றீர்களாமே? அது எப்படி?"

நல்லமங்கை அவன் முகத்தை ஏறிட்டாள். 'என் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறானோ?' ஆயினும் தொழிலைப் பற்றிக் கேட்டால் அவளால் பொய் சொல்ல முடியாது. கயிற்றால் தரையில் இரண்டு வட்டங்கள் வரைந்தாள். "தாங்களே பாருங்கள், ஐயா! அகலம் ஒரு பக்கம் மட்டுமா வளர்கிறது? நெடுக்கிலும் இரட்டிக்கிறது, குறுக்கிலும் இரட்டிக்கிறது. இரண்டிரண்டு நான்கு."

அவன் அவ்வட்டங்களையே வெகுநேரம் நோக்கினான். அவன் முகம் வெளிறியது போலிருந்தது. பிறகு, நான்கு முழ அகலமுள்ள வட்டத் துணியொன்றைத் தரையில் எறிந்தான். "கடைசிக் கூடாரத்தின் உச்சிக்குரியது. விடியுமுன் ஓரம் தைத்து வையுங்கள்."

"கத்திரி அவளிடமே இருக்கிறதே?" என்றான் ஒரு வீரன்.

"இருக்கட்டும். நான்கு முழத் துணி பதினெட்டு முழம் இறங்குமா என்ன?"

வீரர்கள் நகைத்தனர். கதவு மூடிற்று.

நல்லமங்கை அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று கத்திரியை எடுத்தாள். விளிம்பிலிருந்து நான்கு விரல் அகலத்தில், நத்தை ஓட்டின் சுழிபோல, உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வெட்டினாள். அறுபடாமல் நீண்ட அந்த நாடா எழுபது முழத்துக்கும் மேல் வந்தது! மூன்றாக்கிப் பின்னினால் இருபது முழம் தேறும். ஆனால் கோணலாக வெட்டுண்ட இடங்களில் துணி இழுபடும் என்பதை அவள் கை அறியும். ஒரு புரியின் கோணல் மற்றப் புரிகளின் நேர் இழையோடு சேரும்படி பார்த்துப் பார்த்துப் பின்னினாள். விரல் நுனிகளில் இரத்தம் கசிந்தது.

கீழ்வானில் நிலா எழுந்தபோது அவள் சாளரத்துக்கு வெளியே தொங்கினாள். கயிறு முனகிற்று, நீண்டது, அறவில்லை. கால்கள் நீரைத் தொடும் வேளையில் பாறை நிழலிலிருந்து ஒரு பரிசல் வெளிப்பட்டது. அதில் நின்றவன் சாத்தன் காரி!

'அகப்பட்டுக்கொண்டோம்!' மேலே ஏறவும் வலுவில்லை. கீழே குதிக்கவும் வழியில்லை.

"அஞ்சாதீர்கள், அம்மணி!" அவன் நீட்டிய உள்ளங்கையில் புலி இலச்சினை மோதிரம் நிலவில் மின்னியது. "நான் சக்கரவர்த்தியின் ஒற்றன். நீங்கள் வேறு விதமாக வெட்டுவீர்கள் என்று நம்பித்தான் அந்தத் துணியை விட்டுவந்தேன்."

பரிசலில் இறங்கியவள் அவனை நேரே நோக்கினாள். "பின்னே ஏன் என்னிடம் கணக்குக் கேட்டீர்கள்?"

"கூடாரங்களை எண்ணி, 'ஐந்நூறு பேர்' என்று நேற்றே ஓலை அனுப்பிவிட்டேன். அதை நம்பிச் சிறு பரிவாரத்தோடு அவர் வருகிறார். அவர் உயிருக்கு நானே உலை வைத்துவிட்டேனே!" அவன் துடுப்பைக் கையில் எடுத்தான். "உங்களைப் பத்திரமாக ஊரில் சேர்த்துவிட்டு அவரிடம் ஓடுகிறேன்."

"ஊருக்கா? அந்தக் கூடாரங்களைத் தைத்தவை என் கைகள், ஐயா! சக்கரவர்த்தியின் முன் நின்று 'இரண்டாயிரம்' என்று என் வாயால் சொல்லாமல் வீடு திரும்ப மாட்டேன். என்னைப் பெற்றவள்மேல் ஆணை!"

அவன் அவளை வியப்போடு நோக்கினான். "சாத்தன் காரி என்பது என் பெயரன்று. என் உண்மைப் பெயர்..."

கோட்டைக்குள் முரசு அதிர்ந்தது. மதில்மேல் தீப்பந்தங்கள் ஓடின.

"பெயரை அக்கரையில் கேட்டுக்கொள்கிறேன், துடுப்பைப் போடுங்கள்!" என்றாள் நல்லமங்கை.