கொடி புதைத்த தென்னை

செட்டிபாளையத்தில் ஊரார் ஆறு என்று சொல்கிற வாவியின் கரையோரம் ரதீஸ் கட்டிய புது வீட்டில் தோட்டம் போட வினாயகமூர்த்தி வந்து இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. சைக்கிள் கரியரில் குழி தோண்டுகிற அலவாங்கும் மண்வெட்டியும். பின்னால் லேன்ட்மாஸ்டர் இழுத்து வந்த பெட்டியில் சுருட்டிக் கட்டிய மலேசியன் புல்லும் களுவாஞ்சிக்குடியில் ஏற்றிய குரோட்டன் கன்றுகளும். வளவை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். மண் பரவாயில்லை. ஆள் எப்படியோ தெரியாது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களை மூர்த்தியர் நம்புவதில்லை. உள்ளூர்க்காரர்களையும்தான்.

ரதீஸ் போனில் ஒரு படத்தைக் காட்டினான். முற்றம் முழுக்கப் பச்சைப் புல், ஓரத்தில் வெள்ளைக் கல்லுப் பாதை, வேலி நீளத்துக்குக் குரோட்டன்.

"படத்தில தென்னை இல்லையே, மனே?"

முற்றத்தின் நட்டநடுவில் ஒரு தென்னை நின்றது. பெரிய உயரமில்லை. ஏணி வைத்தால் குலை எட்டும்.

ரதீஸ் குரலைத் தாழ்த்தினான். "அதுதான் ஐயா கரைச்சல். காணி வித்த தெய்வமணியக்கா இதை வெட்டக்கூடாதெண்டு சொல்லித்தான் தந்தவ. மகள்ட மரமாம். நானும் ஓமெண்டுட்டன்."

"மகள் எங்க?"

"இல்ல. சின்னதில ஆத்தில தாண்டு செத்துட்டாள். விதுசா எண்டு பேர்."

மூர்த்தியருக்கு விளங்கியது. பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை வளவில் புதைத்து, அந்தக் குழியிலேயே ஒரு தென்னங்கன்று வைப்பார்கள். பிள்ளையும் மரமும் ஒன்றாய் வளரும். அவருடைய பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வைத்தார். ஆனால் அவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள்.

"தானாப் பட்டுப் போனா ஆரும் ஒண்டும் கேக்கேலாது, என்ன?" என்று சொல்லிவிட்டு ரதீஸ் ஆற்றைப் பார்த்தான்.

பின்னேரம் தெய்வமணி ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். மெலிந்த மனுசி. மரத்தடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி மரத்தைத் தடவினாள்.

"அண்ணன், வேர்ல அலவாங்கு படாமப் பாத்துக்குங்க."

"என்னகா, நான் நிக்கன்தானே. பயப்படாத."

வாயால் அப்படிச் சொன்னார். மனம் வேறு சொன்னது. செத்த பிள்ளைக்கு என்னத்துக்கு மரம்? மரத்தைச் சாட்டி வந்து போவாள். ஒரு நாளைக்கு வளவிலும் பங்கு கேட்பாள். உலகம் அப்படித்தான் என்பது மூர்த்தியரின் கணக்கு.

மறுநாள் ரதீஸ் குடும்பத்தோடு கல்குடாவுக்குக் குளிக்கப் போய்விட்டான். மூர்த்தியர் மரத்தின் அடியில் மெசினால் துளை போட்டார். உள்ளுக்குச் சரிவாக, ஆழமாக. புல்லைக் கருக்க அடிக்கிற மருந்தைத் தண்ணீர் கலக்காமல் புனல் வைத்து ஊற்றினார். களிமண்ணால் அடைத்து, மேலே மரத்தூளைத் தேய்த்துவிட்டார். தடம் தெரியவில்லை.

பிறகு புல்லை விரிக்கத் தொடங்கினார்.

உச்சிப்பொழுதில் காற்று விழுந்துவிட்டது. ஆறு தகரம் மாதிரிப் பளபளத்தது. காகம்கூடக் கத்தவில்லை. குந்தியிருந்து புல்லின் ஓரத்தை மண்ணோடு அமுக்கிக்கொண்டிருந்தவருக்கு முதுகுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

மடக்.

நிமிர்ந்தார். ஒருவரும் இல்லை.

மடக். மடக்.

மூக்கைப் பிடித்து மருந்து பருக்கும்போது பிள்ளைகள் விழுங்குகிற சத்தம். தென்னைக்குள் இருந்து வந்தது.

ஓலை ஒன்றும் ஆடவில்லை.

புளித்த பால் மணம் ஒன்று எழும்பி வந்தது. தோளில் போட்ட குழந்தை கக்கினால் சட்டையில் நிற்குமே, அந்த மணம். மூர்த்தியர் கிட்டப் போய்ப் பார்த்தார். அடைத்த களிமண் வெளியே வந்து புல்லின்மேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். வெளிப்பக்கத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம். உட்பக்கத்திலும் விரல் அடையாளங்கள் இருந்தன.

சின்ன விரல்கள்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். துளையைக் கழுவியிருக்கலாம், மரம் ஒருவேளை தப்பியிருக்கும். மூர்த்தியர் அதைச் செய்யவில்லை. அணில் தள்ளியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மிச்ச மருந்தையும் ஊற்றி, துளைக்குள் சீமெந்தை வைத்து இறுக்கினார்.  

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என்ன செய்யுது என்று மனைவி இரத்தினம்மா கேட்டாள். வெயில் என்றார்.

அடுத்த நாள் அவர் குரோட்டனுக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்கும்போது தெய்வமணி வந்தாள். குடம் இல்லை. தலை முழுகி, வெள்ளைச் சேலை உடுத்தி, கையில் கத்தியும் செம்பும்.

"இண்டைக்கு அவள் பிறந்த நாள் அண்ணன். வருசா வருசம் அவள்ட மரத்து இளநி ஒண்டு குடிக்கிற நான். ஏணி வச்சு ஒண்டு இறக்கித் தாறீங்களா?"

மூர்த்தியர் மண்வெட்டியை ஓரமாய்ப் போட்டார்.

"இதில நல்லதில்ல புள்ள. எலி கொறிச்சிருக்கு."

"கொறியாதது ஒண்டாவது கிடக்கும்."

"வேற மரத்தில இறக்கித் தாறனே. செவ்விளநி. இனிக்கும்."

"அவள்ட மரம் இதுதானே அண்ணன்."

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன நடக்கும்? ஊர் காறித் துப்பும். ஒருவரும் வளவுக்குள் விடமாட்டார்கள். அவர் ஏணியை வைத்தார். ஏறும்போதே குருத்து கறுத்துத் தொங்குவது தெரிந்தது. ஒரு நாளில் எந்த மரமும் அப்படிக் கறுக்காது. ஒரு இளநியை வெட்டி, கை தவறின மாதிரிக் கீழே போட்டார். அது புல்லில் விழுந்து உருண்டது. உடையவில்லை. நேரே தெய்வமணியின் காலடியில் போய் நின்றது.

தள்ளிவிட்ட மாதிரி.

அவர் இறங்குவதற்குள் அவள் குந்தியிருந்து சீவிவிட்டாள். செம்பில் ஊற்றவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இளநியை வாய்க்குத் தூக்கினாள்.

"குடியாத!"

அவள் நிறுத்தினாள்.

"குடியாத புள்ள. மருந்து ஊத்திருக்கன். மரத்துக்கு. நான்தான்." கையை நீட்டி இளநியைப் பறித்துத் தூர எறிந்தார்.  ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

தெய்வமணி கத்தவில்லை. மண் வாரித் தூற்றவில்லை. முந்தானையால் கத்தியைத் துடைத்தாள்.

"அதான் விடிய விடியச் சத்தி எடுத்தவள்," என்றாள் மெதுவாக.

"ஆரு?"

"வாய் கழுவிக் கழுவி விட்டன். பச்சையாக் கக்கினாள். ஆருகா தந்த எண்டு கேட்டன், சொல்றாளில்ல. நீங்க சொல்லுவீங்களா எண்டு பாக்கத்தான் வந்த நான்." எழும்பினாள். "சொல்லாட்டிக் குடிச்சிருப்பன். பிள்ள குடிச்சதைத் தாய் குடிச்சா என்ன?"

"என்ன மன்னிச்சிடு புள்ள."

"நானோ குடிச்ச? அவளிட்டக் கேளுங்க."

அவள் போய்விட்டாள். பால் மணம் மட்டும் நின்றது. மூர்த்தியர் அலவாங்கை எடுக்கவில்லை, மண்வெட்டியை எடுக்கவில்லை. வெட்டின குழியை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

படலை வாசலில் இரத்தினம்மா நின்றாள்.

"ஆருட பிள்ளை அது? ஆத்துத் தண்ணி சொட்டச் சொட்ட வந்து நிண்டிச்சு. உடுப்பு மாத்திவிடுறன் வாகா எண்டன், வேணாமாம். ஒரு தென்னங்கன்றைக் கொண்டு வந்து, தன்ட கையாலயே கிண்டி வச்சிற்றுப் போகுது. நீங்க பாத்துக்குவீங்களாம்."

கிணற்றடிக்குப் பக்கத்தில் கன்று நின்றது. சுற்றிக் கிளறிய மண் ஈரமாய் இருந்தது. பிடுங்க அவருக்குக் கை வரவில்லை. ஒரு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றினார்.

ரதீஸின் வளவில் தென்னை சாய்ந்து, புல் பரவி, படத்தில் இருந்த மாதிரியே ஆகிவிட்டதாகச் சொல்கிறார்கள். மூர்த்தியர் அந்தப் பக்கம் போவதில்லை. ஆருக்கும் தோட்டம் போட்டுக் கொடுப்பதும் இல்லை. சாணகம், சாம்பல், மீன் கழுவின தண்ணீர் என்று தெரிந்ததெல்லாம் அந்தக் கன்றுக்குப் போட்டுப் பார்க்கிறார். பழுதில்லாத கன்று, பழுதில்லாத மண். என்றாலும் விடுகிற ஓலையெல்லாம் நுனி கருகித்தான் வெளியே வருகிறது.

காலையில் வாளியோடு போவார். கன்றுக்குப் பக்கத்தில் யாரோ வெகுநேரம் குந்தியிருந்த தடம் இருக்கும். கருகின நுனி ஒவ்வொன்றும் அருமையாய்க் கிள்ளி எடுக்கப்பட்டு, அவர் கால் வைக்கிற இடத்தில் வரிசையாய் அடுக்கியிருக்கும்.