ஈரக் கைகள் தேவை

உள்ளங்கை வியர்க்கும் என்பதற்காகவே இக்னேஷியா மச்சாதுவுக்கு முத்துக்கரை அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. பழம்பொருள் பேணலில் அவள் வாங்கியிருந்த முதுகலைப் பட்டத்தை நேர்காணல் குழு புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. கையை வைக்கச் சொன்னார்கள். வைத்து எடுத்தபோது ஐந்து விரலும் ஈரமாக அப்படியே பதிந்திருந்தன. இயக்குநர் ஆறுமுகநயினார் முகம் மலர்ந்து, "அருமையான கைம்மா" என்றார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவள் கையை அப்படிப் புகழ்ந்ததில்லை.

எல்லாம் தொடுமானி வந்ததன் விளைவு. மனிதக் கை பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெயும் தோல் துகளும் படிகின்றன. எவ்வளவு துடைத்தாலும் அடியில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. அந்தக் கைப்படிவை அடுக்கடுக்காகப் பிரித்து, எந்தக் கை, எந்தக் காலத்தில், எவ்வளவு நேரம் தொட்டது என்று சொல்லும் பெட்டிதான் தொடுமானி. கொலைகாரர்களைப் பிடிக்க என்று கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் அது பாகப்பிரிவினைக்குப் போய்ச் சேர்ந்தது. பத்திரம் பொய் சொல்லும், சாட்சி விலைபோவான், கைப்படிவு மட்டும் பொய் சொல்லாது என்று தொடுரிமைச் சட்டம் வந்தது. வழக்கு என்று வந்துவிட்டால், ஒரு பொருளை யார் கை அதிகம் புழங்கியதோ அவருக்கே அது சொந்தம்.

அதன்பிறகு ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளிகள் கையுறை மாட்டிக்கொண்டுதான் படியேறினார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, குடியிருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு நிலையை மேலும் கீழும் தடவிவிட்டுப் போனார்கள். அண்ணன் தம்பிகள் அப்பாவின் சாய்வு நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி கிரிக்கெட் பார்த்தார்கள். மருமகளே மாவரைக்கட்டும் என்று விட்ட மாமியார்கள் கிரைண்டரை இழந்தார்கள்.

அரண்டுபோனவை அருங்காட்சியகங்கள்தாம். "தொடாதீர்கள்" என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்தவர்கள் அவர்கள். கையுறை இல்லாமல் ஒரு காசைக்கூட எடுக்காதவர்கள். அவர்களிடம் இருந்த பொருள்களில் அவர்களுடைய கைப்படிவு மருந்துக்கும் இல்லை. பொருளைக் கொடுத்தவர்கள், விற்றவர்கள், பறிகொடுத்தவர்கள் எல்லோருடைய பேரப்பிள்ளைகளும் தொடுமானியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். உடனே உத்தரவு பறந்தது: கையுறையைக் கழற்று, ஆட்களைப் பிடி, காலை முதல் மாலைவரை தடவு. பணியாளரின் கை, அமர்த்தியவரின் கையாகவே கணக்காகும் என்று சட்டத்தில் இடம் இருந்தது. அப்படித்தான் "தொடுபணியாளர் தேவை" என்ற விளம்பரங்கள் வந்தன. ஓவியக் கூடங்கள், ஆவணக் காப்பகங்கள், நாணயச் சேகரிப்புகள் எல்லாம் போட்டி போட்டு ஆள் எடுத்தன. தகுதி ஒன்றே ஒன்று, ஈரக் கை.

முத்துக்கரையில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். இக்னேஷியாவின் பங்குக்கு வந்தவை பித்தளை முத்துச் சல்லடைகள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவில் துளைகள். முத்துக்குளிப்பு நடந்த நாளில் மேல்தட்டில் முத்துகளைக் கொட்டிக் குலுக்குவார்களாம். பெரியது மேலே நிற்கும், சிறியது கீழே இறங்கும். அவளுடைய பாட்டனார் எடுத்த முத்தும் அதில் உருண்டிருக்கலாம். அந்த நினைப்பிலேயே அவளுக்கு அவற்றின்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

பிரியம் வைத்ததைக் கெடுப்பதுதான் அவள் வேலையாக இருந்தது. கை உப்பு பித்தளைக்கு ஆகாது என்று படித்தவள் அவள். அவள் விரல் பட்ட விளிம்பெல்லாம் பச்சை பூத்தது. இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

"பச்சை பூத்தா என்னம்மா? நம்மகிட்ட இருக்கும்லா" என்றார் ஆறுமுகநயினார்.

"நம்மகிட்ட இருக்கும் சார். சல்லடையா இருக்காது."

"ஒனக்கு வாய் ஜாஸ்தி. கை நல்ல கை, அதனால பொறுத்துக்கிடுதேன்."

பொறுத்துக்கொள்ள அவருக்கு வேறொரு காரணமும் இருந்தது. புதிய கை வந்தால் புதிய படிவு, அது பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே கை வருடக்கணக்கில் தொட்டால்தான் படிவு தடிக்கும். ஆகவே ஐவரையும் விடவும் முடியாது, நிரந்தரமாக்கவும் மனம் வராது. பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு, மறுபடி நேர்காணல், மறுபடி கண்ணாடித் தகடு. சம்பளச் சீட்டில் அருங்காட்சியகத்தின் பெயர் இல்லை, ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது.

ஐந்து பேரும் நிரந்தரம் கேட்டு வழக்குப் போட்டார்கள். அருங்காட்சியகத்தின் வழக்கறிஞர் திலகவதி கொஞ்சமும் அசராமல் வாதாடினார்: இவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. இவர்கள் செய்வது எங்கள் வேலை அல்ல, இவர்கள் கைகள் எங்கள் கைகள் அல்ல. தீர்ப்பு அதையே திருப்பிச் சொல்லிற்று. வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, ஐவரில் மூத்தவளான ரஹ்மத் பீவி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ இது யாரு கை, இக்னேசு?"

இக்னேஷியாவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் கப்பல் முதலாளி கந்தப்பழம் முத்துச் சல்லடைகள் தமக்கே சொந்தம் என்று வழக்குத் தொடுத்தார். அவருடைய பூட்டனார் முத்து வணிகர், அந்தச் சல்லடைகளைக் குலுக்கியவர் என்பது அவர் வாதம். கட்டி முடித்த தம் விடுதியின் வரவேற்புக் கூடத்தில் அவற்றைத் தொங்கவிட்டுப் பூ வைக்கப் போவதாக அவரே பேட்டி கொடுத்தார். கேட்ட அன்று இக்னேஷியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகல் ஆறுமுகநயினார் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"நாளைக்குத் தொடுமானி வாசிப்பாங்க. ஒங்க அஞ்சு பேரு படிவுதான் தடிமனா வரும். யாரு கைன்னு கேப்பாங்க. அருங்காட்சியகத்தோட கைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். மறுநாளே ஒனக்கு நிரந்தர ஆணை."

"எனக்கு மட்டுமா சார்?"

"மொதல்ல ஒனக்கு."

"மத்த நாலு பேரு?"

"பாப்போம்" என்றார் அவர். அந்த அறையில் "பாப்போம்" என்று சொல்லி நடந்த காரியம் எதையும் அவள் பார்த்ததில்லை.

"நான் அப்படிச் சொல்லலேன்னா?"

"சல்லடை கந்தப்பழம் வீட்டுக்குப் போயிரும். ஒன் கையால நீயே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும். அதான் ஒனக்கு வேணுமா?"

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. சாமந்தியோ ரோஜாவோ செருகப்பட்டு அந்தத் தட்டுகள் தொங்குவதை நினைக்கவே அவளால் முடியவில்லை. பேருந்தில் ரஹ்மத் பீவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொல்லிட்டுப் போயேன்டி. ஒருத்தியாவது பொழச்சுக்கிடலாம்லா" என்றாள் பீவி. மனதாரத்தான் சொன்னாள்.

"முடியாதுக்கா. அவுகளுக்கு வேணும்னா நம்ம கை, வேண்டாம்னா எவன் கையோவா?"

நீதிமன்றத்தில் நீதிபதி மீனலோசனி வெள்ளைக் கையுறையோடு அமர்ந்திருந்தார். தம் மேசையையே தொட அவர் யோசிக்கிற காலம் அது. தொடுமானி முனகிக்கொண்டே சல்லடைகளின் விளிம்பைச் சுற்றி வந்தது. திரையில் படிவுகள் வண்ண வண்ணமாக விரிந்தன. அடியில் பெயர் தெரியாத பலருடைய கைகள் கலங்கலாகத் தெரிந்தன. அதற்கு மேலே கந்தப்பழத்தின் பூட்டனார் வெங்காயத் தோல்போல மெலிதாக இருந்தார். குலுக்கியதெல்லாம் கூலிக்கு வந்தவர்கள், அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பது எல்லோருக்கும் புரிந்தது. எல்லாவற்றுக்கும் மேல் ஐந்து நிறங்கள் தடித்துக் கிடந்தன.

திலகவதி எழுந்து, "இந்த ஐந்தும் என் கட்சிக்காரரின் கைகள். இவர்கள் முன்னிலையிலேயே சொல்கிறேன், இவர்கள் எங்கள் பணியாளர்கள்" என்றார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு அது கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கெட்டது.

நீதிபதி இக்னேஷியாவைக் கூண்டுக்கு அழைத்தார்.

"மேலே இருக்கிற தடித்த படிவு உங்களுடையதுதானா?"

"ஆமாங்கம்மா."

"யாருக்காகத் தொட்டீர்கள்?"

ஆறுமுகநயினார் முன்வரிசையில் இருந்து தலையை மெல்ல ஆட்டிக் காட்டினார். இக்னேஷியாவின் உள்ளங்கைகள் கூண்டின் கம்பியில் வழுக்கின. மனதில் இருப்பதைச் சொன்னால் சல்லடை கைவிட்டுப் போகலாம். கந்தப்பழம் கூடத்தில் பூச்சட்டியாகலாம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

"அருங்காட்சியகத்துக்காகன்னு நெனச்சுதான் தொட்டேன். இதே கட்டடத்துல, மேல்மாடியில, இந்த வக்கீலம்மாதான் எந்திரிச்சு நின்னு, எங்க கை அவுக கை இல்லன்னு சொன்னாக. கோர்ட்டும் ஆமான்னுட்டு. கோர்ட்டு சொன்னத நான் மீற முடியாதுல்லா? எனக்கு யாரும் மொதலாளி இல்ல. அது என் கை. மத்த நாலும் அந்த நாலு பேரு கை. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்."

கூடத்தில் யாரோ செருமினார்கள். திலகவதி தம் தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். நீதிபதி பழைய தீர்ப்பை வரவழைத்துப் படித்தார். அருங்காட்சியகத்துக்கும் ஐவருக்கும் இடையே பணி உறவு எதுவும் இல்லை என்று அது தெளிவாகச் சொல்லிற்று. மேல்முறையீட்டுக் காலமும் முடிந்திருந்தது. ஆள் அனுப்பிய நிறுவனமோ எதற்கும் உரிமை கோரி வரவில்லை. அப்படியானால் இந்த ஐவரும் தமக்காகவே தொட்டவர்கள் என்றார் நீதிபதி. சட்டப்படி சல்லடைகள் அந்த ஐவருக்கே சொந்தம்.

ஆறுமுகநயினாருக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியபோது, சல்லடை மட்டும் போகவில்லை என்பதும் சேர்ந்தே விளங்கிற்று. வைப்பறையில் இருந்த வாள்கள், விளக்குகள், சங்குகள், ஓலைகள், காசுகள் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் தடவியவர்கள் அதே ஐந்து பேர். அவர்தான் தடவச் சொன்னவர். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்றால் அதுதான்.

செய்தி பரவியதும் மற்ற ஊர்களில் தொடுபணியாளர்கள் தங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தார்கள். பல நிர்வாகங்கள் ஒரே வாரத்தில் நிரந்தர ஆணைகளைத் தாங்களே கொண்டுபோய் வீட்டு வாசலில் நீட்டின. வாங்கிக்கொண்டவர்களும் உண்டு, கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

மற்றப் பொருள்களும் அதே தீர்ப்பின்படி கைக்கு வர, முத்துக்கரையில் ஐவரும் சேர்ந்து அருங்காட்சியகத்தை மறுபடி திறந்தார்கள். சல்லடையில் பூத்த பச்சையை இக்னேஷியா மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினாள். படித்த படிப்பு முதல்முறையாக உதவியது. அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். ஐந்து பேரால் சமாளிக்க முடியாமல் போனபோது "ஆட்கள் தேவை" என்று விளம்பரம் கொடுத்தார்கள். முதலில் வந்து நின்றவர் ஆறுமுகநயினார். விளக்கக் குறிப்பு எழுத அவரைவிடத் தெரிந்தவர் ஊரில் இல்லை.

"கைய நீட்டுங்க சார்" என்றாள் இக்னேஷியா. குறும்புக்குத்தான் கேட்டாள். நீட்டினார். சாம்பல்போல உலர்ந்த கை. "இத்தன வருஷம் இங்க இருந்திருக்கீய. ஒரு சாமானத் தொட்டுப் பாக்கணும்னு தோணவே இல்லியா?"

அவர் கையை இழுத்துக்கொண்டு, "எத்தன மாசத்துக்கும்மா?" என்று கேட்டார்.

"நீங்களா போறேன்னு சொல்ற வரைக்கும். நிரந்தரம்தான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இக்னேஷியா இழுப்பறையைத் திறந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் விதி என்றாள். ஆறுமுகநயினார் கையுறையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார், அதிலும் கையுறை இருந்தது. ஆனால் அவள் படிவு ஏற்கெனவே பொருள்களில் பாதுகாப்பாக இருந்தது. மெதுவாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒரு நிர்வாகி இன்னொரு நிர்வாகியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"பலே. எனக்கு இது தோணாமப் போச்சே" என்றார்.

"பித்தளைக்காக சார். கை உப்பு ஆகாது."

"ஆமாம்மா."

"நெசமாவே பித்தளைக்காகத்தான்" என்றாள் இக்னேஷியா, கொஞ்சம் உரக்க. பக்கத்து மேசையில் ரஹ்மத் பீவி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"நானும் அதத்தானே சொல்லுதேன். பித்தளைக்குத்தான்" என்று ஆறுமுகநயினார் கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.