கொள்ளிடக்கரை வீட்டு வேன்

தன் கணவனைக் கொன்றதாகப் போலீசார் பிடித்து வைத்திருக்கும் ஆளை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்று கேட்டு ஒரு பெண் வந்தது, வீரமலையின் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தென்னூரில் சொந்தமாகத் துப்பறியும் தொழில் நடத்திவந்த வீரமலை, நிதானமான மனிதர். அவரோடு சுற்றிக்கொண்டிருந்த பிச்சமுத்துவிடம் நிதானம் கிடையாது. தெப்பக்குளத்தருகே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன்; கொலை நடந்த இடங்களைப் போலீசாருக்காகப் படம் எடுப்பான். துப்பறியும் ஆசையில் வாரத்தில் பாதி நாள் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுவான்.

வந்தவள் பெயர் பேட்ரிசியா. கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். முதல் நாள்தான் கணவன் சகாயநாதனை அடக்கம் செய்திருந்தார்கள்.

"தங்கையன்தான் எங்க வீட்டுக்காரரைத் தோள்ல போட்டுக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடி வந்தாருங்க. அப்ப அவருக்கு மூச்சு இருந்திச்சு. கொன்னவன் அப்படித் தூக்கிட்டு ஓடுவானாங்க? நேத்து லாக்கப்புல போய்ப் பார்த்தேன். வலது கை விரலெல்லாம் ஒடிஞ்சு கிடக்கு. முன் பல்லு இல்ல. இன்னும் ரெண்டு அடி விழுந்தா, நான்தான் கொன்னேன்னு அவரே சொல்லிடுவாரு."

வீரமலை நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் கொலையிலிருந்து தொடங்காமல் வண்டியிலிருந்து தொடங்கினாள்.

சகாயநாதன் பொன்மலை ரயில்வே பட்டறையில் தச்சு வேலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்கரையில் இருதயநாதன் என்பவரின் லாரி ஷெட்டுக்குப் பின்புறம், கொடி படர்ந்து கிடந்த ஒரு பழைய வண்டியை வாங்கினார். யுத்தத்துக்கு முன்பு வாய்க்கால் இன்ஜினீயராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் லாரிச் சட்டத்தின் மேல் கட்டிக்கொண்ட வீடு அது. உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு மேடை, கை கழுவும் பீங்கான் தொட்டி, கூரைமேல் தண்ணீர் டேங்க் எல்லாம் உண்டு. கூரை ஓட்டையாகி, கட்டிலுக்கடியில் கீரிப்பிள்ளை குட்டி போட்டிருந்தது. இரண்டு வருஷம் கணவனும் மனைவியும் அதோடு மாரடித்தார்கள். அவர் தேக்குச் சுவரைத் தேய்த்துத் தேய்த்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தார். அவள் ஜன்னல்களுக்கு மஞ்சள் திரை தைத்தாள். நல்லுசாமி என்ற மெக்கானிக் என்ஜினுக்கு உயிர் கொடுத்தான்.

முதலில் முக்கொம்புக்குப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. கூரையில் மழை தட்ட, உள்ளே அவள் காபி போட, அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு விசிலடித்தாராம். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் விசிலடித்து அவள் கேட்டதில்லை.

இரண்டே குறைதான் தீரவில்லை. டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றினாலும் குழாயில் ஒரு சொட்டு வராது. குழாய், இரட்டைத் தேக்குச் சுவருக்கு நடுவே ஓடியது. அந்த மரத்தை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்று அற்பக் குறை. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் தொப்பி மாட்டும் பித்தளைக் கொக்கிகள் மூன்று. நடுவில் இருந்தது மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். எவ்வளவு திருகாணி முடுக்கியும் நேராகவில்லை.

கொலை நடந்த அன்று, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக்கரைத் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தினார்கள். பின்னால் எடுக்கும்போது ஒரு தென்னங்கன்று சக்கரத்தில் நசுங்கியது. தோப்புக் காவல்காரன் தங்கையன், மண்டையைப் பிளந்துவிடுவேன் என்று கத்தினான். சகாயநாதன் மன்னிப்புக் கேட்டு உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். கத்தியதைத் துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டார்கள். காபி குடித்ததை யாரும் பார்க்கவில்லை. மதியம் பேட்ரிசியா ஜட்காவில் சித்திரை வீதிக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பியபோது, தங்கையன் ரத்தத்தில் நனைந்து எதிரே ஓடி வந்தான்.

ஜாக்கிக் கம்பியால் அடித்திருந்தார்கள். தலை பிளந்து, தாடை தனியே தொங்கியது. தலையைக் காக்கக் கைகளை உயர்த்தியதில் இரண்டு முழங்கைகளும் நொறுங்கியிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியில் சகாயநாதனின் மூச்சு நின்றுவிட்டது.

சாவதற்கு முந்தின வாரம் அவர் ஏதாவது புதிதாகச் சொன்னாரா என்று வீரமலை கேட்டார். பேட்ரிசியா யோசித்தாள். கட்டிலை ஒட்டி விரிசல் விட்டிருந்த பலகையை மாற்றும்போது இடுக்கில் ஏதோ ஒரு பொருள் அகப்பட்டதாம். அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இது ஒரு குடும்பத்து விஷயம், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அப்புறம் ஒருநாள் பாலக்கரைக்குப் போய் வந்தார். சடலத்தின் சட்டைப் பையில் கைக்குட்டை இல்லை.

பிச்சமுத்து, தான் எடுத்த போலீஸ் படங்களை மேஜைமேல் பரப்பினான். பீங்கான் தொட்டியில் கறை இருந்தது. கொன்றவன் அதில் கை கழுவியிருக்கிறான். தங்கையன்தான் கழுவினான் என்பது போலீசாரின் முடிவு. வீரமலை ஒரு படத்தை வெகுநேரம் பார்த்தார். அதில் தண்ணீர்க் குடம் மூடி போட்டபடி இருந்தது. போலீசார் வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது குடத்தில் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். காலையில் பிடித்து வைத்தது அப்படியே விளிம்பு வரை இருந்தது என்றாள் பேட்ரிசியா.

"அப்ப அந்த ஆள் எந்தத் தண்ணியில கழுவினான்?" என்றார் வீரமலை.

வேன் அவள் வீட்டு வாசலில் நின்றது. மூவரும் போனார்கள். தரையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. பேட்ரிசியா வாசற்படியோடு நின்றுவிட்டாள். வீரமலை தொட்டிக்கு மேலிருந்த குழாயைத் திருகினார். தண்ணீர் சோவென்று கொட்டியது.

பேட்ரிசியா கதவைப் பிடித்துக்கொண்டாள். "இதுல தண்ணி வந்ததே இல்லைங்க," என்றாள்.

வீரமலை கொக்கிகளிடம் போனார். மூன்றும் வரிசையாக, நேராக நின்றன. நடுக் கொக்கியின் நுனியைச் சுவரோடு அழுத்தி மெல்லச் சாய்த்தார்; அழுத்தாமல் அது அசையவில்லை. குழாய் நின்றது. நிமிர்த்தினார். மறுபடி கொட்டியது. வண்டி ஓடும்போது தண்ணீர் சிந்தாமலிருக்க அந்த வெள்ளைக்காரர் செய்துகொண்ட அடைப்பு அது. வீரமலை குனிந்து கொக்கியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிச்சமுத்துவைக் கூப்பிட்டு, எதையும் தொடாமல் அந்த இடத்தை எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாகப் படம் எடுக்கச் சொன்னார். பித்தளையில் காய்ந்த ரத்தத்தில் ஒரு கட்டைவிரலின் ரேகை பதிந்திருந்தது.

மறுநாள் முழுவதும் ஊருக்குள் அலைந்தார்கள். நல்லுசாமி தன் பட்டறையில் கடுகடுவென்று பேசினான். உயிரைக் கொடுத்து ஓட வைத்த வண்டியைத் தனக்கு விற்க மறுத்துவிட்டார் என்ற கோபம் அவனுக்கு உண்டு. கொலை நடந்த அன்று காலையில் தோப்புக்கு வந்து என்ஜினைப் பார்த்துவிட்டுப் போனவனும் அவன்தான். தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, குழாய் துருவேறி அடைத்துவிட்டது, சுவரை உடைத்தால்தான் உண்டு என்றான்.

இருதயநாதன் மரியாதையாக நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, தங்க மோதிரம், ஷெட் நிறைய லாரிகள். வண்டியை ஏலத்தில் பழைய இரும்பாக எடுத்ததாகச் சொன்னார்.

"அது பாட்டுக்கு ஷெட்டுல நின்னுச்சுங்க. நான் ஒரு தடவைகூட உள்ள ஏறிப் பார்த்ததில்ல."

சகாயநாதன் வண்டி வாங்கியதற்கப்புறம் தன்னிடம் வரவேயில்லை என்றும் சொன்னார். பிச்சமுத்து இரண்டு இடத்திலும் வேனின் பளபளப்பான படம் ஒன்றைக் கையில் கொடுத்து, இந்த வண்டிதானா என்று கேட்டான். திரும்ப வாங்கும்போது ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டான்.

கடைசியாக அந்த வெள்ளைக்காரரின் பங்களாவில் ஆயாவாக இருந்த டோரதியை மேலப்புதூரில் கண்டுபிடித்தார்கள். துரையின் வீட்டு வேனை யார் ஓட்டியது என்று கேட்டதும் அவள் முகம் இறுகியது. தன் தங்கை ரோசரியின் புருஷன்தான் ஓட்டினான், வருஷக்கணக்காக, மதுரை வரைக்கும் தஞ்சாவூர் வரைக்கும் என்றாள். துரை சீமைக்குப் போன வருஷம் ரோசரி யாரோடோ ஓடிவிட்டதாக அவன் வந்து சொன்னான். அம்மா அதற்கப்புறம் அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்க விடவில்லையாம். அந்தப் புருஷனின் பெயரைக் கேட்டபோது பிச்சமுத்து பென்சிலைக் கீழே போட்டுவிட்டான். வீரமலைக்கு அதில் வியப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை எல்லோரையும் கொள்ளிடக்கரைத் தோப்புக்கு வரச் சொன்னார். வேனை நல்லுசாமி ஓட்டி வந்து அதே இடத்தில் நிறுத்தினான். வழக்கை நடத்தும் இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் வேண்டாவெறுப்பாக வந்தார்கள். இருதயநாதன் தன் காரில் வந்தார். டோரதி பேட்ரிசியாவின் பக்கத்தில் முக்காடு போட்டு நின்றதால் அவர் அவளைக் கவனிக்கவில்லை.

வீரமலை குரலை உயர்த்தாமல் பேசினார். கொன்றவன் மேலெல்லாம் ரத்தம் தெறித்திருந்தது. கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடியும் அங்கே போக முடியவில்லை; துறையில் பெண்கள் இருந்தார்கள். எனவே வண்டிக்குள்ளேயே கழுவ வேண்டியிருந்தது. தங்கையனாக இருந்தால் கண்ணெதிரே இருந்த குடத்தைக் கவிழ்த்திருப்பான். நல்லுசாமியும் அதைத்தான் செய்திருப்பான். குழாயில் தண்ணீர் வராது என்பது அவன் நிச்சயமாக நம்பியது. ஆனால் வந்தவன் குடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கை தானாக நடுக் கொக்கிக்குப் போயிற்று. பழக்கம் அப்படி.

"இந்த வண்டியைப் புதுப்பிச்சவங்களுக்குத் தெரியாத விஷயம் இதை ஓட்டினவனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் வீரமலை. "கொக்கியை நிமிர்த்தினப்போ கை இன்னும் கழுவல. அந்த ரேகையும், நேத்து பாலக்கரையில நம்ம போட்டோவுல பதிஞ்ச ரேகையும் ஒண்ணுதான். சகாயநாதன் உங்களைத் தேடி பாலக்கரைக்கு வந்தாரு. அவர் கையில என்ன கொண்டு வந்தாரு, இருதயநாதன்?"

அப்போதுதான் டோரதி முக்காட்டை விலக்கினாள். "ரோசரி எங்க?" என்றாள்.

இருதயநாதன் அவளைப் பார்த்த கணத்தில் மாறிப்போனார். வேனின் படியில் கிடந்த சக்கர ஸ்பேனரை எடுத்துச் சுழற்றினார். முதல் அடி வீரமலையின் தோளில் விழுந்து எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தடுக்க வந்த காவலர் முகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது. மூன்றாவது வீச்சு டோரதியை நோக்கிப் போனது. பிச்சமுத்து குறுக்கே பாய்ந்து தன் கேமராவைக் கொண்டு அதை வாங்கினான். கேமரா சிதறி, கண்ணாடிச் சில் அவன் கன்னத்தைக் கிழித்தது. நல்லுசாமி பின்னாலிருந்து இருதயநாதனின் கழுத்தைக் கட்டிப்பிடித்து மணலில் சாய்த்தான். இன்ஸ்பெக்டர் முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு மாட்டும் வரை அவர் மண்ணைக் கடித்துக்கொண்டு உதறினார்.

வீரமலை முறிந்த தோளைப் பிடித்தபடி அவர் அருகே குந்தி, சகாயநாதன் என்ன கொண்டுவந்தார் என்று திரும்பக் கேட்டார்.

"தாலியக் கொண்டாந்து காட்டினான்," என்றார் இருதயநாதன். "இது உங்க வீட்டம்மாவோடதா இருக்கும்னு ஊருல சொல்றாங்க, உங்ககிட்டயே கொடுக்கலாம்னு வந்தேன்னான். அதுல அவ தலைமுடி பிய்ஞ்சு சுத்தியிருந்துச்சு. அன்னைக்கு வாங்காம அனுப்பிட்டேன். அப்புறம் வாங்க மறந்துட்டேன்னு சாக்குச் சொல்லி, வண்டி பின்னாடியே தோப்புக்கு வந்தேன். அவன் முடியைப் பத்திக் கேட்டான்."

"ரோசரி?" என்றாள் டோரதி.

"வண்டிக்குள்ளதான் அடிச்சேன். எழுந்திருக்கல. ஷெட்டுல வண்டி நின்ன இடத்துக்குக் கீழ இருக்கா."

பன்னிரண்டு வருஷம் அவர் அந்த வண்டியை ஓட்டாமலும் விற்காமலும் அழுகவிட்ட காரணம் அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. வண்டியை ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் சிமென்ட் தளம் போட்ட பிறகே சகாயநாதனுக்கு விற்றிருந்தார்.

அன்று மாலையே தளத்தை உடைத்தார்கள். தங்கையனை விடுவித்தார்கள், அவனுடைய இரண்டு விரல்கள் கடைசி வரை மடங்கவில்லை. ரோசரியின் எலும்புகளைச் சகாயநாதனின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தபோது, அவள் அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். சாமியார் ரோசரி என்று சொன்னபோதெல்லாம் கிழவியும் கூடவே வாய்விட்டுச் சொன்னாள்.

வேனை என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று, கட்டுப் போட்ட தோளோடு வீரமலை பேட்ரிசியாவைப் பார்க்கப் போனபோது கேட்டார். ரத்தத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டதாகவும், நல்லுசாமியிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பதாகவும் அவள் சொன்னாள். வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும். டோரதி கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ரெண்டு உயிர் போன வண்டியைப் போய் வைத்துக்கொள்கிறாளே என்று தெருவில் பேசுகிறார்களாம்.

"ரெண்டு பேர் செத்தது நிஜந்தாங்க," என்றாள் பேட்ரிசியா. "அது ஊருக்கே தெரியும். அவரு அதுல எவ்வளவு சந்தோஷமா இருந்தாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."