சாவிப் பலகை

அன்று காலை முன்னறையில் இருந்தவர்கள்: இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவர், வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியில். எதிரே சோபாவில் மாமியார். அவள் பக்கத்தில் மூத்த மகன், ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு. ஜன்னலோரம் இளைய மகன். வயது முப்பத்தொன்று ஆனாலும் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். தரையில் தலையணையில் சாய்ந்து, ஏழு மாத வயிற்றோடு, சின்னவன் மனைவி. கடைசியாக மூத்த மருமகள். அவளுக்கு உட்கார இடமில்லை. இருந்திருந்தாலும் யாரும் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள். சாவிப் பலகையை ஒட்டி, சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

திருட்டுப் போனது அவளுடைய ஸ்கூட்டர்.

"வண்டி வாங்கும்போது ரெண்டு சாவி குடுத்திருப்பாங்க. ரெண்டையும் குடுங்கம்மா," என்றார் வந்தவர். "ரெண்டும் இருந்தாதான் வண்டிய நீங்களே யாருக்கும் குடுக்கல, சாவிய வண்டியிலயே விட்டுட்டும் போகலன்னு நாங்க நம்ப முடியும்."

"போன வாரமே போன்ல சொன்னீங்கல்ல சார். அதுலேர்ந்து வீட்டையே புரட்டிப் போட்டாச்சு," என்றான் மூத்த மகன், அவள் கணவன். "எல்லாம் இவளாலதான். ஒரு பொருளை வச்ச இடத்துல வைக்கத் தெரியாது."

அந்த வீட்டில் எதையும் வைத்த இடத்தில் வைக்காமல் இருக்க முடியாது. மாமியார் விட மாட்டாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை; பலகையில் இரண்டு வரிசை ஆணிகள். மேல் வரிசையில் ஐந்து. வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கொரு வாசல் சாவி. வெளியே போகிறவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்ததும் மாட்ட வேண்டும். கீழ் வரிசையில் அலமாரிச் சாவிகள், ஸ்கூட்டர் சாவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் நூல். விளக்குப் போட்டதும் மாமியார் வந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். மேல் வரிசையில் ஐந்தும் இருந்தால் எல்லாரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவைப் பூட்டிவிடுவாள். ஆளைத் தேட மாட்டாள். அவளுக்குச் சாவிதான் ஆள். ஒரு தடவை மூத்த மகன் சாவியை மாட்டிவிட்டுத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய்விட்டான். பனியனோடு ஒரு மணி நேரம் வெளியே நின்று கத்தினான். உள்ளே டிவி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லித்தான் அந்த வீட்டில் சிரிப்பார்கள்.

கடைசியாக அவர்கள் அப்படிச் சிரித்து இருபத்திரண்டு நாளாகியிருந்தது. வண்டி போன நாளிலிருந்து அந்த வீட்டில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசினால் குத்தல்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஏழரைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். தெருக்களில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். கணவனை ராத்திரி வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற பெண்கள், நடக்க முடியாத கிழவர்கள், எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள். அந்த நேரத்தில் ஒருத்திக்குக் கதவு திறக்கிறதென்றால் அது அவள் பேருக்குத்தான். வேறு சொத்து அவளுக்குக் கிடையாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை, அதைப் பற்றிப் பேசுவதையும் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

வண்டி போன பிறகு அவள் நடந்தாள். நாலு மணிக்கே கிளம்பி, பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றி. முதல் வாரம் நாய்கள் குரைத்தன. மூன்றாவது வாரம் அவையும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. அன்றைக்கு முழுக்க அவளை நிமிர்ந்து பார்த்தவை அந்த நாய்கள் மட்டும்தான் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது.

உண்மையில் வண்டியைத் தொலைத்தது அவளில்லை. அன்று மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, பச்சை நூல் கட்டிய இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு சின்னவன் ஸ்கூட்டரில் போனான். கடையில் சோடா குடிக்க இறங்கியவன் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டான். திரும்பிப் பார்த்தால் வண்டி இல்லை. ஓடிவந்து அவள் காலைப் பிடித்தான்.

"அண்ணி... உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்... என் லைசென்ஸ் முடிஞ்சு நாலு மாசமாச்சு, புதுப்பிக்கக் குடுத்தது இன்னும் கைக்கு வரல! அடுத்த திங்கள் பஸ் கம்பெனியில டிரைவரா சேரணும். போலீஸ்ல என் பேர் வந்தா வேலை போச்சு. இவ வேற இந்த நிலைமையில இருக்கா... நீங்கதான் ஓட்டிட்டுப் போனீங்கன்னு சொல்லிடுங்க அண்ணி!"

சொன்னாள். ஆய்வகத்து வாசலில் பூட்டி நிறுத்தியிருந்ததாகப் போலீசில் எழுதிக் கொடுத்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அதையே எழுதினாள். சின்னவன் வேலையில் சேர்ந்தான், முதல் நாள் எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வந்தான். அவளிடம் நீட்டும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது அவள் சிவப்பு நூல் கட்டிய தன் சாவியை வந்தவரிடம் கொடுத்தாள். இரண்டாவது சாவி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"பச்சை நூல் சாவி பலகையிலதானே தொங்குது?" என்றாள் மாமியார். "கண்ணு எங்க வச்சிருக்க? எடுத்துக் குடு."

திரும்பினாள். தொங்கியது. நேற்று வரை வெறும் ஆணியாக இருந்த இடத்தில் பச்சை நூலோடு ஒரு சாவி! திருடனோடு போன சாவி எப்படித் திரும்பி வரும்? கையில் எடுத்தாள். விளிம்பு விரலில் கீறியது. வெட்டி ஒரு நாள்கூட ஆகியிருக்காது.

சின்னவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷமாகச் சொன்னதைச் செய்து பழகிய கை, அவள் யோசிக்கும் முன்பே சாவியை நீட்டிவிட்டது.

வந்தவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார்.

"நான் எட்டு வருஷமா இந்தச் சாவிங்களோடதாம்மா குடித்தனம் நடத்தறேன். கம்பெனி சாவின்னா தலையில நம்பர் இருக்கும். இதுல இருக்கா? இது தெருமுனையில வெட்டினது." குரல் மாறியது. "வண்டி உங்க பேர்ல இருக்கு, மனு உங்க பேர்ல இருக்கு. போலிச் சாவி குடுத்து ஏமாத்தப் பார்த்தீங்கன்னு எழுதினா என்னாகும் தெரியுமா? போலீசுக்குப் போகும். நீங்க வேலை பாக்கற இடத்துக்கும் போகும்."

கணவன் எழுந்துவிட்டான். "அடிப்பாவி! கள்ளச் சாவி பண்ற அளவுக்குப் போயிட்டியா? யார் சொல்லிக் குடுத்தா உனக்கு? என் மானத்தை வாங்கணும்னே வந்து சேர்ந்தியா!"

"நான் அப்பவே சொன்னேனே..." என்று ஆரம்பித்தாள் மாமியார். "வண்டியப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல, சாவியப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல..."

அவள் எதையும் கேட்கவில்லை. வந்தவர் கையிலிருந்த அந்தப் பச்சை நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று சுற்று. அதன் மேல் ஒரு முடிச்சு. பிரியாமலிருக்க நுனியைத் தீக்குச்சியால் கருக்கியிருந்தது. அந்த வீட்டில் ஒரே ஒரு கைதான் அப்படிக் கட்டும்.

"சார், அந்தச் சாவிய ஒரு நிமிஷம் குடுங்க."

வாங்கி, மாமியார் மடியில் வைத்தாள்.

"அத்தை... இந்த முடிச்சு யார் போட்டது?"

மாமியார் மடியைப் பார்த்தாள். சின்னவன் மனைவி மெதுவாகக் காலை மடக்கிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல அத்தை. பச்சை நூல் சாவி அன்னிக்கு சாயங்காலமே ஆணியில இல்ல. நீங்க எண்ணாம ஒரு நாளும் படுத்ததில்ல. அன்னிக்கு எண்ணும்போது என்ன நினைச்சீங்க?"

"அண்ணி... போதும்... நான்..." சின்னவன் குரல் உடைந்தது.

"நீ வாய மூடுடா!" என்று கத்தினாள் மாமியார். கத்திய பிறகுதான், அந்த ஒரு கத்தலிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

சின்னவன் அழுதுகொண்டே சொல்லி முடித்தான். சோடா, சாவி, லைசென்ஸ் எல்லாம். அம்மாவுக்கு அன்றிரவே தெரியும் என்றான். நேற்று அண்ணி குளிக்கப் போயிருந்தபோது சிவப்பு நூல் சாவியைக் கொடுத்து, அதே மாதிரி வெட்டிவரச் சொன்னதும் அம்மாதான் என்றான். கணவன் மறு கன்னத்துச் சோப்பு காய்ந்துபோக, வாயைத் திறந்தபடி நின்றான்.

வந்தவர் பேனாவை மூடினார். இந்த மாதிரி வீடுகளை நிறையப் பார்த்த முகம்.

"போலிச் சாவியில உங்களுக்குப் பங்கில்லன்னு நான் எழுதறேன்மா. ஆனா நீங்களும் பொய்தான் சொல்லியிருக்கீங்க. மனுவத் திரும்ப வாங்கிக்கறேன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. போலீஸ்லயும் போய் நடந்ததை மாத்திச் சொல்லிடுங்க. அதோட நானும் முடிச்சுக்கறேன். வண்டிக்கு ஒண்ணும் வராது."

"தெரியும் சார்."

நின்றபடியே, சுவரில் தாளை வைத்து எழுதினாள். எழுத்து கோணவில்லை. தினமும் பத்துப் பேர் நரம்பைத் தேடிப் பழகிய கை.

"போலீஸ்ல நாளைக்கு நானே வந்து என் பேரைச் சொல்றேன் அண்ணி," என்றான் சின்னவன். அவன் மனைவி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வந்தவர் போனதும் மாமியார் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடும்மா... பெத்த வயிறு... அவன் பொழப்பு போயிடுமேன்னு... உன்னைத் திட்டினா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு நினைச்சேன். நீ தாங்கிப்ப, நீ தங்கமான பொண்ணு... உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா! இந்த வீட்டுக்கே நீதான்..."

அழுகையில் மீதி கரைந்தது. அவளுக்கும் கண்ணீர் வந்தது. இருபத்திரண்டு நாளில் அவளை யாராவது தொட்டது அதுதான் முதல் தடவை. மாமியார் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எலும்பு கையில் தட்டியது. கோபமில்லை. ஆனால் ஒன்று மட்டும் உள்ளே இறங்கவே மறுத்தது. அவன் பயத்தில் பொய் சொன்னான், சரி. இவள் எல்லாம் தெரிந்து, தினமும் அவளுக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு, அதே வாயால் ஏசினாள்.

"நான் உங்களை மன்னிச்சுட்டேன் அத்தை. ஆனா இனிமே லேப்புக்குப் பக்கத்துலயே இருந்துக்கறேன். அங்க ஒரு வீட்டு மாடியில ரூம் காலியா இருக்கு. நடந்து முடியலன்னு போன வாரமே கேட்டு வச்சிருக்கேன்."

"கோவத்துல ஏதோ பேசறா," என்றான் கணவன், யாரிடம் என்றில்லாமல். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தான். "எனக்கும் எதுவும் தெரியாதுல்ல... தெரியாமத்தானே திட்டினேன். விடு, எல்லாம் முடிஞ்சுது. ஒரு டீ போடு."

அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு போய் டீ போட்டாள். நாலு டம்ளர்.

நாலும் காலியாகி வந்தன. கழுவிக் கவிழ்த்தாள். மத்தியானம் சமைத்தாள். துணி மடிக்கிற சாக்கில் தன்னுடையதை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். ஒரு பைக்கு மேல் தேறவில்லை. சாயங்காலம் சின்னவன் மனைவி மட்டும் சமையலறை வாசலில் வந்து நின்றாள். பையைப் பார்த்தாள்.

"அக்கா... நிஜமாவே போறீங்களா?"

"எட்டாம் மாசம் ரத்தம் பாக்கணும். வெறும் வயித்தோட இரு, நானே வந்து எடுக்கறேன். கதவைத் திறப்பேல்ல?"

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விளக்குப் போடுகிற நேரம். கணவன் உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவன் தன் மனைவி பக்கத்தில் படுத்திருந்தான். மாமியார் பின்கட்டில் முகம் கழுவுகிற சத்தம். ஒரு தோளில் பை, ஒரு தோளில் பனிக்கட்டிப் பெட்டி. அவள் தன் வாசல் சாவியை மேல் வரிசையில், அதன் ஆணியில் மாட்டினாள். ஆடாமல் நிற்கும்வரை ஒரு விரலால் பிடித்திருந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

படியில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து மாட்டும்போது உள்ளே காலடி கேட்டது. பலகைக்கு முன்னால் வந்து நின்றது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

குரல் கொஞ்சம் நின்றது. வாரைப் பிடித்த கை அப்படியே இருந்தது. இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அஞ்சு."

தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டுக்குள் சாவி இரண்டு முறை திரும்பியது.