பத்தாவது முழம்

வலது கையின் உளைவு மார்க்கண்டை விடிய முன்னமே எழுப்பிவிட்டது. நாற்பத்தைந்து வருடம் மண்வெட்டியும் அலவாங்கும் பிடித்த கை. மாரி பிறந்தால் தோள்மூட்டில் தொடங்கி இடுப்பு நாரிவரை நோவு ஊர்வது அவருக்குப் பழகிய சங்கதி, அதற்காக ஒருநாளும் வேலைக்குப் போகாமல் நின்றதில்லை. இன்றைக்கு நோவு விரல்களில் நின்றது. பெருவிரல் ஒழிந்த நான்கும் உள்ளங்கைக்குள் மடிந்து கிடந்தன. இடது கையால் ஒவ்வொன்றாக இழுத்து நிமிர்த்தினார். விட்டதும், யாரோ மேலிருந்து பொத்திப் பிடிப்பதுபோல, நான்கும் ஒன்றாக மடங்கின.

அந்தக் கையோடு குசினியில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும்போது மகள் கஜானி பிள்ளையோடு அறைவாசலுக்கு வந்தாள். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்தவள், புருசன் சுவிஸில். பிள்ளைக்கு இன்று இருபத்தொன்பதாம் நாள். முப்பத்தோராம் நாள் பேற்றுத் துடக்குக் கழிவுச் சடங்குக்குச் சாமான் வாங்க, தாய் இலட்சுமிப்பிள்ளை நேற்றே வள்ளம் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, நாரந்தனைத் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கடல் கொதித்தபடி இருந்தது. நாளைக்கு வள்ளம் ஓடுமோ தெரியாது.

“என்னப்பா, கையைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்? பேரனுக்கு இனிப்பு ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?”

“விறைப்புப் பிள்ளை. மாரிக் குளிர்.”

“நோவெண்ணெய் அலுமாரியில கிடக்கு, பூசுங்கோ. இஞ்ச பாருங்கோ இவரை. தலையை என்ர முழங்கையில வைச்சா கால் சரியா விரல் நுனிக்கு வருது. ஒரு முழம் பெரிய மனுசன்.”

மார்க்கண்டு சிரித்தார். இந்தக் குசினியும் அதையொட்டிய அறையும் அவளுடைய பேற்றுக்காகவே கட்டியவை. சீமெந்து மணம் இன்னும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மணத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது: அழுகிய கோரைப்புல்லும் உப்புச்சேறும் கலந்த, ஆற்றின் அடிவயிற்று மணம்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஆறு கிடையாது. நறுவிலித்தீவில் மட்டும் உண்டு. முழத்தாறு என்று பெயர். முன்னொரு காலத்தில் இரண்டு குட்டி அரசுகளுக்கு அதுதான் எல்லை. அரசுகள் அழிந்து கரைக்கொரு குறிச்சி மிஞ்சியது, ஆற்றின் சட்டம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு மாரிக்கும் அந்த ஆறு புரண்டு படுக்கும். தையில் வெள்ளம் வற்றியதும், மேற்குக் கரைக் கல்லிலிருந்து நாற்பது முழம் அளந்து, மண்மூட்டை அடுக்கி, அதைத் தன் இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அளக்கிற கை மேற்குக் கரையாருடையது. அந்தக் கையைப் பிடித்து நிலத்தில் வைக்கிறவர் கிழக்குக் கரையார். ஒருவரின் கள்ளத்தை மற்றவர் விடமாட்டார் என்ற எண்ணம். இன்னொரு சட்டமும் உண்டு. இக்கரையில் நின்று கேட்டு, அக்கரை “வா” என்று சொன்ன பிறகுதான் தண்ணீரில் கால் வைக்கலாம்.

“அக்கரை, வரட்டோ?”

ஏரம்புவின் குரல். மேற்குக் கரைக்காரன், அளவு எண்ணுகிறவன். கிழக்குக் கரையோரம் நின்ற தன் வீட்டின் பின்கதவைத் திறந்து மார்க்கண்டு “வா” என்றார். முழங்காலளவு தண்ணீரில் குடையைப் பிடித்தபடி இறங்கி ஏறி வந்தான். வந்தவன் வீட்டுக்குள் வரவில்லை. கரைச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணை, இதைப் பாத்தனீங்களோ?”

சேற்றில் உருண்டையாய் ஒரு குழி. அதிலிருந்து நீளமாய் ஒரு பள்ளம். பள்ளத்தின் முடிவில் விரித்த ஐந்து விரல். நடுவிரல் நுனியில் அடுத்த உருண்டைக் குழி, அடுத்த பள்ளம், அடுத்த ஐந்து விரல்.

“உடும்பு இழுபட்டிருக்கும்.”

“உடும்புக்கு முழங்கை இருக்கோ அண்ணை?” ஏரம்பு குரலைத் தாழ்த்தினான். “மேற்குக் கரையில, அன்னப்பிள்ளை ஆச்சி அளந்த கல்லடியில தொடங்குது. எண்ணிக்கொண்டு வந்தனான். முப்பது வந்து தண்ணிக்குள்ள இறங்கியிருக்கு. இஞ்சால ரெண்டு ஏறியிருக்கு.”

போன தையில் அளந்த கை அன்னப்பிள்ளையுடையது. எழுபது வயது, பிள்ளைகுட்டி இல்லை, பனங்கிழங்கு கிண்டியே தேய்ந்த கை. மார்க்கண்டு அதைப் பிடித்து நிலத்தில் வைத்தார். வைக்கும்போது பெருவிரல் ஒழிந்த நான்கையும் தன் கைக்குள் பொத்தி மடக்கினார். “விரலை விரிக்க விடடா” என்றாள் கிழவி. “கை நடுங்குதணை, நான் பிடிக்கிறன்” என்றார் அவர். நாற்பது தரம். இருபத்துமூன்றாவதில் இரண்டு விரல்மூட்டு நொடிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஏரம்பு வானத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முழத்திலும் மடங்கிய விரல்களின் நீளம், கால் முழம், குறைய, நாற்பதில் பத்து முழம் போயிற்று. ஆறு அவள் பக்கம் தள்ளிப் போனது. வெளியான பத்து முழத்தில் அறையும் குசினியும் எழும்பின.

“அளவு என்ரை” என்றாள் அன்னப்பிள்ளை, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. “என்ர கையாலையே எடுப்பன்.”

வைகாசியில் செத்தாள். பாடையில் வைக்கும்போதும் அந்த நாலு விரலும் விரியவில்லை.

“அண்ணை,” என்றான் ஏரம்பு, “நானும் சேந்துதான் செய்தனான். இல்லை எண்டு சொல்லேலாது. ரெண்டு பேரும் கல்லடியில போய் நிண்டு, பத்து முழம் கள்ளம், தையில திருப்பித் தாறம் எண்டு வாய்விட்டுச் சொல்லுவம். வேறை ஒண்டும் வேண்டாம்.”

“குசினியை இடிக்கச் சொல்லுறீரோ? பேரப்பிள்ளையைத் தெருவில கிடத்தச் சொல்லுறீரோ?”

“சொல்லத்தானே சொல்லுறன்.”

“செத்தவளுக்கு என்னத்துக்குக் காணி? போம், போய் வேலையைப் பாரும்.”

ஏரம்பு மறுபடி தண்ணீரில் இறங்குமுன் வழக்கப்படி அக்கரையைக் கேட்டான். அங்கே யாருமில்லை. ஆனால் அவன் யாரோ பதில் சொன்னதுபோலத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான்.

மார்க்கண்டு காலால் சேற்றை மிதித்து அடையாளங்களை அழித்தார். பின்கதவைப் பூட்டினார். நோவெண்ணெயைச் சுடவைத்துப் பூசினார். விரல்கள் இன்னும் இறுகின; நகங்கள் உள்ளங்கையைக் குத்தத் தொடங்கின. மத்தியானம் மழை கனத்து, வெளிச்சம் வடிந்து, குசினிக்குள் விளக்குக் கொளுத்த வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லை. கூரைத் தகரத்தில் விழுந்த மழையின் பேரிரைச்சலுக்குள் இன்னொரு சத்தத்தை அவருடைய காது தனியே பிரித்து எடுத்தது: பூட்டிய கதவுக்கு வெளியே, ஈரத்துணியைச் சீமெந்தில் அறைந்ததுபோல ஒன்று, பிறகு இழுபடுகிற ஒன்று, பிறகு பிளாஸ்டிக் காப்பு ஒன்று நிலத்தில் தட்டுப்பட்ட சின்ன ‘டிக்’. அன்னப்பிள்ளையின் கையில் ஒரு பச்சைக் காப்புக் கிடந்தது. அளக்கும்போது நாற்பது தரம் அது நிலத்தில் தட்டியது.

டிக்.

கதவடியில் தண்ணீர் கசிந்தது. சாக்கொன்றை எடுத்து அடைத்தார். ஆற்றுக்கும் கதவுக்கும் இடையில் மூன்று முழம். அவருக்கு அது தெரியும். அந்த மண்ணில் கல் அறுத்தவர், கலவை குழைத்தவர், ஒவ்வொரு அடியும் தெரியும். கதவிலிருந்து அறைவாசல் நிலைக்கு ஐந்து. நிலையில் ஒன்று. உள்ளே ஒன்று.

கஜானி வெளியே வந்தாள். “அப்பா, நான் இலை அவிச்ச வேதுத் தண்ணியில குளிச்சிட்டு ஓடியாறன். பிள்ளை ஏணையில நல்ல நித்திரை. பாத்துக்கொள்ளுங்கோ.”

“பிள்ளையையும் கொண்டு போ.”

“இந்தக் குளிருக்கையோ? விசர்க் கதை கதையாதேங்கோ.” அவள் முன்பக்கத்தால் இறங்கி, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

அவர் கதிரையை அறைவாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே கூரை வளையிலிருந்து தொங்கிய சேலை ஏணை, பிள்ளையின் பாரத்தில் மெல்லத் தாழ்ந்திருந்தது. பால்மணம். சாம்பிராணி மணம். அதற்கு மேலே கோரை மணம்.

டிக்.

குசினித் தரையில் ஈரமாய் ஒரு முழங்கை. ஒரு கை. ஐந்து விரல். நாலாவது முழம்.

டிக். ஐந்து.

கை இல்லை. அடையாளம் மட்டும். விரல்கள் விரிந்து, முழுசாக, நுனிவரை. அவர் சாக்கைப் போட்டுத் துடைத்தார். துடைத்த இடத்தில் தண்ணீர் ஊறியது.

ஆறு. ஏழு.

“போ,” என்றார். “போணை. என்ர வீடு இது.”

எட்டு.

அது நிலைக்கு வந்துவிட்டது. கதிரைக் காலடியில். குளிர் அவருடைய பாதத்தைத் தொட்டது. கதிரையோடு குசினிப் பக்கம் விழுந்தார். வலது கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். கை விரியவில்லை.

டிக். ஒன்பது.

பூட்டிய கதவின் கீழிருந்து தண்ணீர் அந்த அடையாளங்களின் வழியே ஓடிவந்தது. நிலையைத் தாண்டியது. அறைத் தரையில் குறுக்கே விழுந்தது. ஒரு சாண் அகலம். பிறகு இரு கை விரித்த ஒரு பாகம். மண்ணிறம். அதில் கோரைத்தும்பு மிதந்து போனது. வீட்டுக்குள் ஓடுகிற தண்ணீருக்கு அலை இருந்தது. இரைச்சல் இருந்தது.

ஏணை அந்தப் பக்கம். அவர் இந்தப் பக்கம்.

காலை வைத்தார். தரை இல்லை. முழங்கால், தொடை, இடுப்பு. அடியில் ஒன்றும் இல்லை. இழுவை. நிலைக்கட்டையை இடது கையால் பற்றி மேலே வந்தார். இந்தத் தரைக்கு அவரே கல்லுப் போட்டு, அவரே இடித்து இறுக்கியவர்.

ஏணை ஆடத் தொடங்கியது.

அப்போதுதான் சட்டம் நினைவுக்கு வந்தது. போன தையில் மண்மூட்டைகளோடு அக்கரையைக் கேளாமல் இறங்கியதும் வந்தது.

“அக்கரை… அக்கரை, வரட்டோ?”

மழை.

“ஆச்சி, வரட்டோ? கள்ளம்தான். பத்து முழம் கள்ளம்தான் ஆச்சி. தாறன். இடிச்சுத் தாறன். வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லணை.”

ஏணைச் சேலையின் விளிம்பில் ஒரு கை வந்து படிந்தது. பச்சைக் காப்பு. பாடையில் கிடந்ததுபோல நாலு விரலும் மடங்கி, நொடிந்து, நீலமாக. ஒன்று விரிந்தது. மூட்டுச் சத்தம். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது.

அவருடைய மடங்கிய வலது கைக்குள் நாலு விரல் எலும்பும் ஒவ்வொன்றாக முறிந்தன.

முன்பக்கத்தில் கஜானியின் காலடி கேட்டது. “அப்பா? என்னப்பா சத்தம்? பிள்ளை எழும்பிட்டானோ?”

அந்தக் கை அவசரப்படவில்லை. ஏணைக்குள் இறங்கி, பிள்ளையின் பக்கத்தில், முழங்கை தலைமாட்டிலும் விரல்நுனி பாதத்திலும் படும்படி, நீளத்துக்குப் படுத்தது. அளவு சரியாக இருந்தது. பிள்ளை கண்ணைத் திறந்து அதைப் பார்த்தான். அழவில்லை.

மார்க்கண்டு தரவேண்டியது பத்து முழம். ஒன்பது அளந்தாயிற்று. ஒரு முழம் பாக்கி.